பிள்ளை கொண்டுவரும் சொல்



பாலர் பள்ளியின் முதல் நாள் எப்படி இருக்கும் என்பதைப் பிள்ளைகளைக் கொண்டுபோய் விட்டவர்கள் எல்லாரும் அறிவீர்கள். வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு கதறும் பிள்ளை ஒன்று. தாயின் சேலைத் தலைப்பை விடாத பிள்ளை ஒன்று. ஏதோ திருவிழாவுக்கு வந்ததுபோல் உள்ளே ஓடி, பொம்மைகளைக் கவிழ்த்துக் கொட்டும் பிள்ளை ஒன்று. அழுகிற பிள்ளையைப் பற்றி நான் பெரிதாகக் கவலைப்பட்டதில்லை. பத்து நாளில் அழுகை ஓய்ந்துவிடும். அழாமலும் பேசாமலும் மூலையில் போய் உட்கார்ந்துகொள்கிற பிள்ளைதான் ஆசிரியையின் தூக்கத்தைக் கெடுக்கும். அப்படிப்பட்ட ஒரு பிள்ளையைப் பற்றியும், அவனைப் பேசாமல் ஆக்கியது யார் என்பதைப் பற்றியும் இன்று உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

1980களில், பினாங்கு ஜார்ஜ் டவுனில் ஒரு பாலர் வகுப்பில் நான் ஆசிரியையாக இருந்தேன். பயிற்சி முடித்த புதிது. படம் காட்டிச் சொல் சொல்ல வைப்பது அப்போது எங்களுக்குப் பிடித்தமான பாடமுறை. ஒரு நாள் குடும்பப் படத்தைக் காட்டி, ‘இது யார்?’ என்று கேட்டேன். வகுப்பே ஒரே குரலில் ‘அப்பா!’ என்றது. ஒரு பையன் மட்டும் அரை நொடி பிந்தி, கணீரென்று ‘அத்தா!’ என்றான். மற்றப் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். நானும் புன்னகையோடுதான், ‘அத்தா இல்லை, அப்பா என்று சொல்ல வேண்டும்’ என்றேன். அதட்டவில்லை, முகம் சுளிக்கவில்லை. அன்றைய பாடத்தை நன்றாக நடத்திவிட்டதாகவே எண்ணிக்கொண்டு வீடு திரும்பினேன்.

அந்தப் பையன் அதன்பிறகு வகுப்பில் வாய் திறக்கவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம், ஒரு மாதம் ஆயிற்று. பெயரைக் கூப்பிட்டால் கையை மட்டும் தூக்குவான். தண்ணீர் வேண்டுமானால் குழாயைக் காட்டுவான். என் குறிப்பேட்டில் அவன் பெயருக்கு நேரே ‘பேச்சு வளர்ச்சி போதவில்லை’ என்று எழுதி வைத்தேன். அந்த மூன்று சொற்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஒரு சனிக்கிழமை, கடைத்தெருவில் சாமான் வாங்கப் போயிருந்தேன். மார்க்கெட் ஸ்திரீட்டைத்தான் பினாங்குத் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகக் கடைத்தெரு என்கிறார்கள். அதை அடுத்த தெரு ஒன்றில், ஒரு நாசி கண்டார் கடை வாசலில், அதே பையன் ஒரு முக்காலிமேல் ஏறி நிற்கிறான். வருகிறவர்களை மலாயில் உட்காரச் சொல்கிறான். தகப்பனாரிடம் தமிழில், ‘அத்தா, ரெண்டு கோழி, ஒண்ணு மீனு’ என்று கூவுகிறான். ஒரு சீன மூதாட்டிக்கு மீதிச் சில்லறையை ஹொக்கியனில் எண்ணிக் கொடுக்கிறான். பேச்சு வளர்ச்சி போதாத பிள்ளைக்கு ஐந்து வயதில் மூன்று மொழி! என்னைக் கண்டதும் முக்காலியிலிருந்து இறங்கித் தகப்பனாரின் பின்னால் ஒளிந்துகொண்டான்.

நேயர்களே, ‘அத்தா’ என்பது பிழையான சொல்லா? இராமநாதபுரம், கடையநல்லூர் பக்கத்திலிருந்து இங்கு வந்து குடியேறிய தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றில் தகப்பனுக்கு அதுதான் பெயர். கடற்கரை ஊர்களிலிருந்து வந்தவர்கள் ‘வாப்பா’ என்பார்கள். 1801இல் கட்டப்பட்ட கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், சூலியா தெரு முனையிலுள்ள நாகூர் தர்காவும், 1833இல் எழுந்த குயீன் ஸ்திரீட் மகாமாரியம்மன் கோயிலும் ஒன்றுக்கொன்று நடந்துபோகும் தூரத்தில் இருக்கிற ஊர் இது. இந்த ஊரில் தமிழ்ப் பிள்ளை என்றால் ஒரே அச்சில் வார்த்த பிள்ளை என்று நான் எப்படி நினைத்தேன்? பாடப்படத்தில் நெற்றியில் பொட்டு வைத்த அம்மாவும் வேட்டி கட்டிய அப்பாவும் இருந்தார்கள். அந்தப் படத்துக்குள் அவன் வீடு இல்லை. அவன் துணிந்து தன் வீட்டை அதற்குள் கொண்டுவந்தான். நான் ‘இல்லை’ என்றேன். ஐந்து வயதுப் பிள்ளை அதைச் சொல்லைப் பற்றிய திருத்தமாக எடுத்துக்கொள்ளாது. தன் தகப்பனைப் பற்றிய தீர்ப்பாகவே எடுத்துக்கொள்ளும்.

திங்கட்கிழமை வகுப்பில் வேறொரு கேள்வி கேட்டேன். ‘உங்கள் வீட்டில் அப்பாவை எப்படிக் கூப்பிடுவீர்கள்?’ என்றேன். அப்பா என்றார்கள், டாடி என்றார்கள். தெலுங்குக் குடும்பத்துப் பெண் ஒருத்தி ‘நைனா’ என்றாள். மலையாளக் குடும்பத்துப் பிள்ளை ‘அச்சன்’ என்றான். ஒவ்வொன்றையும் கரும்பலகையில் எழுதினேன். ‘அத்தா’ என்பதையும் நானே எழுதி, பையனைப் பார்த்தேன். அவன் பேசவில்லை. கதைகளில் வருவதுபோல் உடனே எல்லாம் சரியாகிவிடுமா என்ன? மூன்றாம் நாள்தான், சோறு பற்றிய பாடத்தில், யாரும் கேளாமலே, ‘எங்க அத்தா மூணு மணிக்கே அடுப்புப் பத்த வைப்பாங்க’ என்றான். பிறகு அவனை நிறுத்துவதுதான் சிரமமாக இருந்தது.

பிள்ளையின் பண்பாட்டுக்கு இசைந்து கற்பிப்பது என்று இன்று கல்வித்துறையில் பெரிதாகப் பேசுகிறோம். பல பாலர் பள்ளிகளில் அது ஆண்டுக்கு ஒரு நாள் நடக்கும் வேடப் போட்டியாக முடிந்துவிடுகிறது. ஒரு பிள்ளைக்கு வேட்டி, ஒரு பிள்ளைக்கு பாஜு மெலாயு, ஒரு பிள்ளைக்குச் சீன உடை. வரிசையாக நிறுத்திப் படம் எடுத்து, பலகாரம் கொடுத்து அனுப்பிவிடுவோம். அதில் தவறில்லை, பிள்ளைகளுக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் பண்பாடு பெட்டியில் மடித்து வைத்திருக்கும் பட்டுத்துணி மட்டுமா? பிள்ளை எப்படிச் சாப்பிடுகிறது, யார் மடியில் தூங்குகிறது, பெரியவர் கண்டித்தால் எங்கே பார்க்கிறது, இவையெல்லாம் பண்பாடு அல்லவா?

ஒரு சிறு காரியம் சொல்கிறேன். கண்டிக்கும்போது தலை குனிந்து நிற்க வேண்டும், எதிர்த்துப் பார்க்கக் கூடாது என்பது நம் வீடுகளில் பலர் கற்றுக்கொடுக்கும் மரியாதை. வெளிநாட்டு அளவுகோலைப் பார்த்துத் தயாரித்த மதிப்பீட்டுத் தாளிலோ, ‘பேசுபவரின் கண்ணைப் பார்க்கிறதா?’ என்று ஒரு கேள்வி இருக்கும். ‘இல்லை’ என்று குறியிட்டுவிடுவோம். ‘கரண்டி பிடிக்கத் தெரிகிறதா?’ என்று இன்னொரு கேள்வி. சோற்றைக் குழம்போடு பிசைந்து, ஒரு பருக்கை சிந்தாமல், ஐந்து விரலால் அள்ளி உண்ணும் பிள்ளைக்கும் அங்கே ‘இல்லை’ என்றே விழும். அந்த விரல் திறமைதான் நாளைக்குப் பென்சில் பிடிக்கப் போகிறது என்பதைத் தாள் அறியாது. ஆசிரியை அறிந்திருக்க வேண்டும்.

எங்கள் காலத்தில் பாலர் பள்ளி ஏது? நான் தென் செபராங் பிறையில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். விடியுமுன் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்துவிட்டுத் தாய்மார்கள் பால்வெட்டுக்குப் போய்விடுவார்கள். பிள்ளைகள் ஆயாக் கொட்டகையில் கிடப்போம். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளிக்கூடம் நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் சொல்லிற்று. அந்த வயதை எட்டாத பிள்ளைகளுக்கு வாய்த்தது கொட்டகைதான். கொட்டகையை நான் புகழ வரவில்லை. ஈ மொய்க்கும், சொறி சிரங்கு ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும், எழுத்து, கணக்கு எதுவும் கிடையாது. ஆனால் ஆயாவுக்கு ஒன்று தெரிந்திருந்தது. எந்தப் பிள்ளை தூளி ஆட்டினால் தூங்கும், எந்தப் பிள்ளை தட்டிக்கொடுத்தால் தூங்கும், எந்த வீட்டில் நேற்று இரவு சண்டை, எந்தத் தாய்க்குக் காய்ச்சல் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். தெலுங்கு லயத்துப் பிள்ளை அழுதால் தமக்குத் தெரிந்த அரைகுறைத் தெலுங்கில் கொஞ்சுவார். மாலையில் தாய் வந்தால், பிள்ளை என்ன தின்றது, எத்தனை முறை அழுதது என்று ஒன்றுவிடாமல் சொல்லிக் கையில் கொடுப்பார்.

பின்னாளில் குளிர்சாதனம் போட்ட வகுப்பில், வண்ண நாற்காலிகளுக்கு நடுவே நின்றுகொண்டு, அந்த ஆயாவுக்குத் தெரிந்ததில் பாதிகூட என் பிள்ளைகளைப் பற்றி எனக்குத் தெரியவில்லையே என்று பல முறை எண்ணியிருக்கிறேன்.

சட்டங்கள் பிறகு வந்தன. குழந்தைப் பராமரிப்பு நிலையங்களுக்கு 1984இல் ஒரு சட்டம் வந்தது. 1996ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் பாலர் கல்வியைத் தேசியக் கல்வி முறையின் ஒரு பகுதியாக்கியது. தமிழ்ப்பள்ளி வளாகங்களிலேயே பாலர் வகுப்புகள் வந்து, தமிழில் கற்பிக்கும் வாய்ப்பும் கிடைத்தது. மலாயும் ஆங்கிலமும் உடன் வருகின்றன. 1816இல் பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் ஒரு தமிழ் வகுப்பு தொடங்கியதையே இந்நாட்டுத் தமிழ்க் கல்வியின் தொடக்கமாகக் கொள்கிறோம். அந்த வகுப்பு நீடிக்கவில்லை. அங்கிருந்து பார்த்தால் நெடுந்தூரம் வந்திருக்கிறோம்.

ஆனால் கட்டடம் வந்தால் உறவு தானாக வந்துவிடாது. 1972இல் பாயான் லெப்பாஸ் சுதந்திர வர்த்தக வட்டாரம் திறக்கப்பட்டபின், பினாங்குத் தாய்மார்கள் ஆயிரக்கணக்கில் மின்னணுத் தொழிற்சாலைகளுக்குப் போகத் தொடங்கினார்கள். ஒரு வாரம் பகல் வேலை, ஒரு வாரம் இரவு வேலை. பிள்ளையைப் பள்ளிக்குக் கொண்டுவந்து விடுவது பாட்டி. நாம் என்ன செய்கிறோம்? பெற்றோர் கூட்டத்தைக் காலை ஒன்பது மணிக்கு வைக்கிறோம். அழைப்பை மலாயில் அச்சடித்துப் பிள்ளையின் பையில் போடுகிறோம். இரவெல்லாம் நின்று வேலை செய்த தாய் தூங்கிக்கொண்டிருப்பாள். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த பாட்டி அந்தத் தாளை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்துவிடுவார். கூட்டத்துக்கு வராதவர்களைப் பார்த்து, ‘இவர்களுக்குப் பிள்ளைகள்மேல் அக்கறையே இல்லை’ என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொள்வோம். நானும் பேசியிருக்கிறேன்.

மேலும் ஒரு பெருந்தவறு உண்டு. அதைச் செய்பவர்கள் நல்லெண்ணத்தோடுதான் செய்கிறார்கள். பிள்ளை வகுப்பில் தடுமாறினால் தாயை அழைத்து, ‘வீட்டில் தமிழை விட்டுவிட்டு ஆங்கிலத்தில் பேசுங்கள், மலாயில் பேசுங்கள்’ என்று அறிவுரை சொல்வது. தாயும் பயந்துபோய் அப்படியே செய்கிறாள். அவளுக்குத் தெரிந்த ஆங்கிலம் எவ்வளவு? ‘வா, போ, சாப்பிடு, தூங்கு’ என்பதற்கான சொற்கள்தானே! தமிழில் ஒரு மணி நேரம் கதை சொல்லத் தெரிந்த தாய், ஆங்கிலத்தில் நான்கு கட்டளை மட்டும் போடுகிறவளாக மாறிவிடுகிறாள். பிள்ளை வீட்டில் கேட்கும் சொற்கள் சுருங்குகின்றன. காரணம் கேட்பது, சாக்குச் சொல்வது, கொஞ்சுவது, கோபிப்பது எல்லாமே சுருங்கிவிடுகின்றன.

1991இல் லில்லி வோங் ஃபில்மோர் என்ற அமெரிக்கக் கல்வியாளர் ஓர் ஆய்வை வெளியிட்டார். ஆங்கிலம் வீட்டுமொழியாக இல்லாத ஆயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்களை விசாரித்து எழுதியது அது. பிள்ளைகளை மிக இளம் வயதிலேயே ஆங்கிலப் பாலர் பள்ளிகளில் சேர்த்த குடும்பங்களில், பிள்ளை ஆங்கிலம் கற்பதோடு நிற்காமல் வீட்டுமொழியை இழக்கவும் செய்கிறது என்றும், நாளடைவில் பெற்றோரும் பிள்ளையும் ஒருவரோடொருவர் பேச முடியாமல் போகிறது என்றும் அவர் கண்டார். அமெரிக்காவில் நடந்தது நமக்கு எதற்கு என்று கேட்காதீர்கள். ஆயர் ஈத்தாமிலோ ஜெலுத்தோங்கிலோ நமக்குத் தெரிந்த ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். பாட்டி தமிழில் கேட்க, பேரன் ஆங்கிலத்தில் பதில் சொல்ல, நடுவில் மருமகள் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறாள். நம்மில் எத்தனை வீடுகளில் இது நடக்கிறது!

மலாயும் ஆங்கிலமும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நாசி கண்டார் கடைப் பையனுக்கு மூன்று மொழியும் வந்தது. எப்படி வந்தது? ஒன்றை விரட்டிவிட்டு மற்றொன்று வரவில்லை. அத்தாவின் தமிழ் அடியில் உறுதியாக நின்றது. மற்றவை அதன்மேல் ஏறின.

மரியா மாண்டிசோரி அம்மையாரின் பெயரைப் பாலர் ஆசிரியர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். இத்தாலியரான அவர் 1939இல் சென்னை அடையாறுக்கு வந்தார். உலகப் போரின் காரணமாக 1946வரை இந்தியாவில் தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். சிறு பிள்ளை தன்னைச் சூழ்ந்திருப்பதை முயற்சியின்றியே உறிஞ்சிக்கொள்கிறது என்பது அவருடைய கருத்து. அவர் பெயரைப் பலகையில் எழுதி, விலையுயர்ந்த மரச் சாமான்களை வாங்கி அடுக்கும் பள்ளிகள் இன்று நம் ஊரிலும் உண்டு. சாமான்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் பிள்ளையைச் சூழ்ந்திருக்கும் வீட்டை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டு, மரச் சாமானை மட்டும் உள்ளே வைத்தால் பிள்ளை எதை உறிஞ்சும்?

நியூசிலாந்து நாட்டில் இதைப் பற்றி ஆழமாகச் சிந்தித்திருக்கிறார்கள். அங்கே மாவோரி மக்களின் மொழி அழிந்துவிடும் நிலைக்கு வந்தபோது, 1982இல் ‘கோஹாங்கா ரேயோ’ என்ற பாலர் நிலையங்களைத் தொடங்கினார்கள். அந்தப் பெயருக்கு மொழிக்கூடு என்று பொருள். குருவிக்கூடு போல என்று வைத்துக்கொள்ளுங்கள். மொழி தெரிந்த தாத்தா பாட்டிமார் வந்து பிள்ளைகளோடு மாவோரியிலேயே பேசினார்கள். 1996இல் அந்த நாட்டின் பாலர் கல்விப் பாடத்திட்டம் ‘தே ஃபாரிக்கி’ என்ற பெயரோடு வெளிவந்தது. நெய்த பாய் என்பது அதன் பொருள். எல்லாரும் வந்து நிற்கத்தக்க ஒரு பாய். அதன் நான்கு கோட்பாடுகளில் ஒன்று குடும்பமும் சமூகமும், இன்னொன்று உறவுகள். ஒரு நாட்டின் பாடத்திட்டத்துக்குப் பாய் என்று பெயர் வைக்க அவர்களுக்குத் தோன்றியதே என்று நான் வியந்திருக்கிறேன். விருந்தாளி வந்தால் முதலில் பாய் விரிக்கும் வழக்கம் நம்முடையதும்தான்.

சரி, முப்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஓர் ஆசிரியை என்ன செய்ய முடியும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வீடு வீடாகப் போக எல்லாராலும் இயலாது. நான் செய்தது மிக எளிது. காலையில் வாசலில் நிற்பேன். பிள்ளையை விட வருகிறவர் யாரானாலும், பாட்டியோ அண்ணனோ பள்ளிப் பேருந்து ஓட்டுநரோ, ஒரு கேள்வி கேட்பேன்: நேற்று வீட்டில் பிள்ளை என்ன சொன்னது? அரை நிமிடம் போதும். முதல் வாரத்தில், ‘ஒன்றும் சொல்லலை டீச்சர்’ என்பார்கள். இரண்டாம் மாதத்தில் அவர்களே நின்று சொல்லத் தொடங்குவார்கள். பெற்றோர் கூட்டத்தை ஞாயிறு மாலைக்கு மாற்றினோம். அழைப்பைத் தமிழிலும் எழுதினோம். அப்போதும் எல்லாரும் வந்துவிடவில்லை. முன்பு வந்ததைவிடக் கூடுதலாக வந்தார்கள்.

வந்தவர்களில் ஒரு பாட்டியைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். நான் பணி ஓய்வு பெறுவதற்கு முந்திய ஆண்டு அது. ‘எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது டீச்சர், நான் வந்து என்ன பண்ண?’ என்று தயங்கினார். ‘உங்களுக்குத் தெரிந்த விளையாட்டு எதுவும் இருக்கிறதா, பாட்டி?’ என்றேன். மறுவாரம் ஒரு பழைய பல்லாங்குழிப் பலகையும், ஒரு பால்டின் நிறையப் புளியங்கொட்டையும் கொண்டுவந்தார். தரையில் உட்கார்ந்து, குழிக்குக் குழி எண்ணிப் போட ஆரம்பித்தார். பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள்.

எங்கள் வகுப்பு உதவியாளர் ஒரு மலாய்க்காரப் பெண்மணி. பிள்ளைகள் அவரைக் காக் என்று அழைப்பார்கள். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, ‘இது எங்கள் சொங்காக் ஆயிற்றே!’ என்று மலாயில் சொல்லிக்கொண்டே எதிரில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் வழக்கு ஆரம்பமாயிற்று. ‘இரண்டு ஓரத்திலும் வீடு எங்கே?’ என்று காக் கேட்டார். சொங்காக் பலகையில் காய்களைச் சேர்த்து வைக்க இரு முனையிலும் பெரிய குழி உண்டு. அதற்கு வீடு என்று பெயர். பல்லாங்குழியில் இரண்டு வரிசையிலும் ஏழேழு குழிதான். ‘வீடு எதுக்கு? ஜெயிச்சதை மடியில போட்டுக்க வேண்டியதுதான்’ என்றார் பாட்டி. அவர் சொன்னது தமிழ், காக் சொன்னது மலாய். இருவருக்கும் இடையே பிள்ளைகள் மாறி மாறி மொழிபெயர்த்தார்கள். முதல் பருவம் முழுதும் வாயே திறக்காத பெண் ஒருத்தி, பாட்டியின் பேத்திதான், எழுந்து நின்று காக்குக்கு மலாயில் விதிகளை விளக்கிக்கொண்டிருந்தாள்.

மணி அடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. பாட்டியின் மடியில் இருபத்து மூன்று கொட்டை என்று பிள்ளைகள் எண்ணினார்கள். காக் மறுபடியும் எண்ணச் சொன்னார்.